இடுப்பில் துப்பாக்கி எதற்கு?

"அடுத்த மாதம் குடும்பத்தோடு டெக்சாஸுக்குக் குடிபோகிறோம். வீடு பார்க்கப் போயிருந்தபோது என் கணவரோடு வேலை செய்பவர் ஒருவர் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். கீழே கிடந்த பொம்மையை எடுக்க அவர் குனிந்தபோது சட்டை மேலேறி, இடுப்பில் துப்பாக்கி தெரிந்தது. தங்கமான மனிதர், இரண்டு குழந்தைகளுக்கு அப்பா. இப்படிப்பட்டவர் எதற்காகத் துப்பாக்கியோடு நடமாடுகிறார்? அங்கே அவ்வளவு ஆபத்தா? நாங்களும் ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில், அந்த மனிதரைப் பார்த்து வந்த பயத்தை இறக்கி வைத்துவிடுங்கள். நான் டெக்சாஸில் பதினொரு வருடமாக இருக்கிறேன். அவரைப் போன்றவர்களைத் தினமும் பார்க்கிறேன். சிலர் நெருங்கிய நண்பர்கள். துப்பாக்கி லைசென்ஸுக்கான வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன், சுடவும் பழகினேன், அதன்பிறகுதான் வாங்க வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன். அதற்குமுன் அவர்களுடைய காரணங்களை அவர்கள் சொல்கிறபடியே கேட்டுவிடுவதுதான் நியாயம். "பைத்தியக்காரர்கள்" என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குகிறவர்கள் யாரும் அவர்களிடம் உட்கார்ந்து பேசியதில்லை.

எத்தனை பேர் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2019ல் நடந்த ஒரு தேசிய ஆய்வின்படி, குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கியோடு தினமும் வெளியே போகிற அமெரிக்கர்கள் சுமார் 60 லட்சம் பேர். மாதத்தில் ஒரு நாளாவது அப்படிப் போகிறவர்கள் சுமார் 1 கோடியே 60 லட்சம். 2015ல் தினமும் எடுத்துப் போனவர்கள் 30 லட்சம்தான். நான்கே வருடத்தில் இரண்டு மடங்காகிவிட்டது. ஏன் என்று கேட்டால் பத்தில் ஏழு பேர் சொன்ன காரணம், மற்ற மனிதர்களிடமிருந்து தற்காப்பு.

இது எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1999ல் துப்பாக்கி வைத்திருப்பவர்களிடம் முக்கியக் காரணம் என்னவென்று கேட்டபோது 49 சதவீதம் பேர் வேட்டை என்றார்கள். பாதுகாப்பு என்றவர்கள் 26 சதவீதம். 2013ல் அதே கேள்விக்குப் பாதுகாப்பு 48, வேட்டை 32 என்று தலைகீழாகிவிட்டது. 2023ல் பியூ ஆய்வு மையம் கேட்டபோது, பாதுகாப்பு ஒரு பெரிய காரணம் என்றவர்கள் 72 சதவீதம். தாத்தாவின் துப்பாக்கி மான் வேட்டைக்குப் போனது, மற்ற நாட்களில் அலமாரியில் கிடந்தது. பேரனின் துப்பாக்கி அவனோடு மளிகைக் கடைக்கு வருகிறது. துப்பாக்கி அதே துப்பாக்கிதான், அதை எடுக்க வைக்கிற எண்ணம் வேறாகிவிட்டது.

சரி, காரணங்களுக்கு வருவோம்.

டெக்சாஸில் இதைப் பேசினால் யாராவது ஒருவர் சுசானா ஹப் கதையைச் சொல்வார். 1991 அக்டோபர் 16. கில்லீன் என்ற ஊரில் ஒரு கஃபெட்டீரியாவில் அவர் அப்பா அம்மாவோடு மதியச் சாப்பாட்டில் இருந்தார். ஒருவன் பிக்கப் வண்டியைக் கண்ணாடிச் சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே ஓட்டி வந்து, இறங்கிச் சுடத் தொடங்கினான். ஹப் தன் கைப்பையை எட்டினார், அதில் ரிவால்வர் இல்லை. அப்போதைய டெக்சாஸ் சட்டப்படி மறைத்து எடுத்துப்போகக் கூடாது என்பதால், தொழில் லைசென்ஸ் போய்விடுமே என்று காரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். அப்பா அந்த ஆள்மேல் பாயப்போய்ச் சுடப்பட்டார். ஹப் ஜன்னல் வழியாகத் தப்பினார், அம்மா பின்னால் வருகிறார் என்று நினைத்தபடியே. அம்மா வரவில்லை, விழுந்து கிடந்த கணவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அவரும் கொல்லப்பட்டார். அன்று இறந்தவர்கள் மொத்தம் 23 பேர். 1995ல் டெக்சாஸ் மறைத்து எடுத்துச்செல்ல லைசென்ஸ் கொடுக்கும் சட்டம் கொண்டுவந்ததற்கு ஹப் நாடெங்கும் போய்ச் சொன்ன சாட்சியமும் ஒரு காரணம். அடுத்த வருடம் அவரே மாநில சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தப் பெண்மணியிடம் போய் "பயப்படாதீர்கள், புள்ளிவிவரம் அப்படிச் சொல்லவில்லை" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இன்னொருவர் சிகாகோவின் ஓடிஸ் மெக்டொனால்டு. கறுப்பின முதியவர், பராமரிப்புப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டில் பலமுறை திருடர்கள் புகுந்தார்கள். அவரிடம் நீளத் துப்பாக்கிகள் இருந்தன. படுக்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளக் கைத்துப்பாக்கி வேண்டும் என்றால், 1982லிருந்து சிகாகோவில் அதற்குத் தடை. வழக்குப் போட்டார். 2008ல் ஹெல்லர் வழக்கில், வீட்டில் தற்காப்புக்கு ஆயுதம் வைத்திருப்பது தனிமனித உரிமை என்று உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. 2010ல் மெக்டொனால்டு வழக்கில் அந்த உரிமை மாநிலங்களையும் நகரங்களையும் கட்டுப்படுத்தும் என்றது. 2022ல் புரூவன் வழக்கில் வீட்டுக்கு வெளியே எடுத்துப்போவதும் உரிமைதான் என்று தீர்ப்பு வந்தது. இப்போது பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் மறைத்து எடுத்துப்போக பெர்மிட்டே தேவையில்லை. டெக்சாஸில் 2021 செப்டம்பரிலிருந்து அப்படித்தான்.

"போலீஸ் எதற்கு இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அதற்கு அவர்கள் சொல்லும் பதில் லேசானதல்ல. 1999ல் கொலராடோவின் காசில் ராக் ஊரில் ஒரு தாய், பிரிந்திருந்த கணவன் நீதிமன்றத் தடையாணையை மீறி மூன்று பெண் குழந்தைகளைக் கூட்டிப்போய்விட்டான் என்று சாயங்காலம் தொடங்கி நள்ளிரவு தாண்டியும் போலீசை மாறிமாறிக் கூப்பிட்டார். காத்திருக்கச் சொன்னார்கள். மூன்று குழந்தைகளும் பிணமாகத்தான் கிடைத்தார்கள். 2005ல் உச்ச நீதிமன்றம், தடையாணையைப் போலீஸ் நிறைவேற்றியே ஆகவேண்டும் என்று கேட்க அவருக்கு அரசியலமைப்புரீதியான உரிமை கிடையாது என்று தீர்ப்பளித்தது. 2022 மே மாதம் டெக்சாஸின் யுவால்டி பள்ளியில் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் கொல்லப்பட்ட அன்று, நூற்றுக்கணக்கான போலீசார் வந்துசேர்ந்தும் வகுப்பறைக்குள் நுழைய 77 நிமிடம் ஆனது. வெளியே பெற்றோர் கதறிக்கொண்டு நின்றார்கள். அந்த வாரம் என் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "யாரும் வரமாட்டார்கள்." அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. மேற்கு டெக்சாஸ், மொன்டானா போன்ற இடங்களில் இது இன்னும் நேரடியான உண்மை. ஷெரிஃபின் வண்டி வர முக்கால் மணி நேரம் ஆகலாம்.

கறுப்பின அமெரிக்கர்களின் காரணத்தில் இன்னும் பழைய வரலாறு இருக்கிறது. அடிமை முறை ஒழிந்த 1865லேயே மிசிசிப்பி மாநிலம், விடுதலையானவர்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. கும்பல் கொலைகள் நடந்துகொண்டிருந்த 1892ல், ஒவ்வொரு கறுப்பினத்தவர் வீட்டிலும் வின்செஸ்டர் துப்பாக்கிக்கு மரியாதையான ஓர் இடம் வேண்டும் என்று பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் எழுதினார். 1956 ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் மான்ட்கோமரி வீட்டில் குண்டு வைத்தார்கள். அவர் மறைத்து ஆயுதம் எடுத்துப்போக பெர்மிட் கேட்டு விண்ணப்பித்தார். கொடுக்கவில்லை. அகிம்சைக்கு உலகமே காட்டும் மனிதருக்கும் ஒரு காலத்தில் அந்தத் தேவை தோன்றியது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கதைக்கு மீண்டும் வருகிறேன்.

இனி என் பக்கத்து வீட்டுக்காரர். அவரை எனக்கு எட்டு வருடமாகத் தெரியும். எப்போது எடுத்துப்போக ஆரம்பித்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். கொள்ளை, கொலை என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "ஆஸ்பத்திரியிலிருந்து மகளைத் தூக்கிக்கொண்டு வந்த வாரம்" என்றார். அதுவரை தனக்கு எதுவும் ஆகட்டும் என்று இருந்தவருக்கு, அந்தச் சின்ன உடம்பைக் கையில் வாங்கியதும் உலகமே வேறு மாதிரி தெரிந்திருக்கிறது. உங்கள் கணவரின் நண்பரிடமும் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் இதைப் போன்ற பதில்தான் வரும். அடுத்தவரை அடிக்க வேண்டும் என்பதற்காக இடுப்பில் செருகுபவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பாசத்தால்தான் செருகுகிறார்கள்.

ஆனால் அந்தப் பாசம் ஒரு மனிதரை எப்படி வாழ வைக்கிறது என்பதையும் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். காலையில் அவர் உடுத்துவதே அதைச் சுற்றித்தான். உறை இடுப்புப் பட்டைக்கு உட்புறம் செருகுவது, அதனால் பேன்ட் ஓர் அளவு பெரிது. பெல்ட் தடிமனானது, சாதாரண பெல்ட் எடை தாங்காமல் சரிந்துவிடும். சட்டையை உள்ளே விட முடியாது. மேலே புடைத்துத் தெரிந்தால் அதற்கு "பிரிண்டிங்" என்று பெயர், கண்ணாடிமுன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொள்வார். காரில் உட்கார்ந்தால் குத்தும். பொதுக் கழிப்பறைக்குப் போனால் அதை எங்கே வைப்பது என்பது ஒரு தனிக் கவலை. மறந்து விட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு. அப்புறம் கடை வாசல் பலகைகள். டெக்சாஸ் வந்ததும் நீங்களே பார்ப்பீர்கள். 30.06 என்று எண் போட்ட பலகை இருந்தால் லைசென்ஸ் வைத்திருப்பவர் மறைத்த துப்பாக்கியோடு உள்ளே போகக் கூடாது, 30.07 என்றால் வெளியே தெரியும்படி எடுத்துப்போகக் கூடாது. சிவப்பில் பெரிதாக 51 சதவீதம் என்று இருந்தால் அது மது விற்பனையிலேயே பாதிக்குமேல் வருமானம் வருகிற இடம், அங்கே அறவே கூடாது. வாசலில் நின்று படித்துவிட்டு, திரும்பக் காருக்குப் போய் பூட்டி வைத்துவிட்டு வருவார்.

இதெல்லாம் சின்னத் தொந்தரவு. மனதுக்கு நடப்பதுதான் பெரிது. நான் போன வகுப்பில் ஆசிரியர் ஓய்வு பெற்ற போலீஸ்காரர், பொறுமையான மனிதர். ஜெஃப் கூப்பர் என்ற பழைய பயிற்சியாளர் பரப்பிய நிறக் கணக்கை பலகையில் எழுதினார். வெள்ளை என்றால் சுற்றுமுற்றும் பார்க்காமல் இருக்கிற நிலை. மஞ்சள் என்றால் நிதானமான விழிப்பு. ஆரஞ்சு என்றால் குறிப்பாக ஒருவர்மேல் சந்தேகம். சிவப்பு என்றால் மோதலுக்குத் தயார். வீட்டை விட்டு இறங்கிய நிமிடத்திலிருந்து மஞ்சளில் இருக்க வேண்டும் என்றார். அறைக்குள் நுழைந்ததும் வெளியேறும் வழி எங்கே, யாருடைய கை கண்ணுக்குத் தெரியவில்லை, யார் கோடைக்காலத்தில் கனமான ஜாக்கெட் போட்டிருக்கிறார் என்று பார். உணவகத்தில் முதுகு சுவர்ப்பக்கம், முகம் வாசல்பக்கம். சொன்னதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் அடுத்த இரண்டு வாரம் நான் அப்படி இருந்து பார்த்தேன். என் மகள் பேசிக்கொண்டிருப்பாள், என் கண் வாசலில் இருக்கும். பக்கத்து மேசையில் யாராவது சட்டென்று எழுந்தால் நெஞ்சு ஒருமுறை அடிக்கும். இருக்கிற ஆபத்து கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நான் மட்டும் மாறியிருந்தேன்.

இனி நாட்டு நிலவரம். அமெரிக்காவில் வன்முறைக் குற்றங்கள் உச்சத்தில் இருந்தது 1991ல். எஃப்.பி.ஐ. கணக்கில் ஒரு லட்சம் பேருக்கு சுமார் 758 குற்றங்கள். 2019ல் அது சுமார் 380. பாதியாகிவிட்டது. ஆனால் 1993லிருந்து காலப் நிறுவனம் எடுத்துவரும் கருத்துக்கணிப்புகளில், ஏறக்குறைய எல்லா ஆண்டும், 60 சதவீதத்துக்குக் குறையாமல் மக்கள் "போன வருடத்தைவிட நாட்டில் குற்றம் கூடிவிட்டது" என்றே சொல்லிவந்திருக்கிறார்கள். 2023 வரை 27 முறை கேட்டதில் 23 முறை இப்படி. அதே மக்களிடம் உங்கள் தெருவில் எப்படி என்று கேட்டால், அவ்வளவு மோசமில்லை என்கிறார்கள். கண்ணால் பார்க்கிற தெரு பரவாயில்லை, டிவியில் பார்க்கிற நாடு பற்றி எரிகிறது. நிறையத் தொலைக்காட்சி பார்ப்பவர்கள் உலகத்தை உள்ளதைவிடக் கொடியதாக நினைக்கிறார்கள் என்று ஜார்ஜ் கெர்ப்னர் என்ற பேராசிரியர் 1970களிலேயே ஆராய்ந்து சொன்னார். இப்போது டிவி கையிலேயே இருக்கிறது. பக்கத்துப் பேட்டையில் ஒருவர் வாசலில் நின்ற வீடியோகூட கேமரா ஆப் வழியாக ஐந்து நிமிடத்தில் வந்துவிடுகிறது.

பயத்துக்கு எப்போதும் ஆதாரமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 2020ல் கொலைகள் ஒரே ஆண்டில் ஏறக்குறைய 30 சதவீதம் கூடின, பதிவான கணக்கில் அதுவரை இல்லாத ஏற்றம். தொற்றுநோய், ஊரடங்கு, ஜார்ஜ் ஃபிளாய்டு என்ற கறுப்பினத்தவர் போலீஸ் கையில் கொல்லப்பட்டதை அடுத்த போராட்டங்கள், தேர்தல் என்று எல்லாம் ஒரே வருடத்தில் சேர்ந்து வந்தன. துப்பாக்கிக் கடை வாசலில் வரிசை நின்றது. 2019 தொடக்கத்திலிருந்து 2021 ஏப்ரல் வரை சுமார் 75 லட்சம் பேர் வாழ்க்கையில் முதன்முறையாகத் துப்பாக்கி வாங்கினார்கள். அதில் பாதிப் பேர் பெண்கள். ஐந்தில் ஒருவர் கறுப்பினத்தவர். பின்னர் 2023லும் 2024லும் கொலைகள் வேகமாகக் குறைந்தன. வாங்கிய துப்பாக்கி மட்டும் வீட்டிலேயே இருக்கிறது. பயம் வந்த வேகத்தில் போய்விடலாம், ஆனால் ஒரு நல்ல துப்பாக்கி பேரன் காலம்வரை உழைக்கும்.

நான் வேண்டாம் என்று முடிவு செய்ததற்குக் காரணம் இந்தக் கணக்கு. 2021ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை. பாதிக்கும் மேல். வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பவருக்கு ஆபத்து முதுகுப் பக்கமாக, வீட்டுக்குள்ளிருந்து வருகிறது. கலிபோர்னியாவில் 2 கோடியே 60 லட்சம் பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2020ல் வெளியானது. கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள், வைத்திராத ஆண்களைவிடத் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் வாய்ப்பு எட்டு மடங்கு. பெண்களுக்கு 35 மடங்கு. வேறு வழிகளில் முயன்றவர்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறார்கள், பிழைத்தவர்களில் மிகப்பெரும்பாலோர் பின்னாளில் தற்கொலையால் சாவதில்லை. துப்பாக்கியோ பத்தில் ஒன்பது பேரை விட்டுவைப்பதில்லை. மனம் மாறுவதற்கு ஒரு நிமிடம்கூடக் கொடுப்பதில்லை.

அதே ஆய்வுக் குழு 2022ல் இன்னொன்றையும் பார்த்தது: தனக்குத் துப்பாக்கி இல்லை, ஆனால் கூட வாழ்பவரிடம் இருக்கிறது என்ற நிலையில் உள்ளவர்கள். துப்பாக்கி இல்லாத வீட்டில் இருப்பவர்களைவிட, இவர்கள் வீட்டிலேயே கணவனோ மனைவியோ துணையோ சுட்டு இறக்கும் வாய்ப்பு ஏழு மடங்கு. அப்படி இறந்தவர்களில் 84 சதவீதம் பெண்கள். குடும்பத்தைக் காக்க வாங்குகிறேன் என்கிறவர்கள் இந்த எண்ணை ஒருமுறையாவது நின்று பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

"ஆனால் துப்பாக்கி எத்தனையோ பேரைக் காப்பாற்றுகிறதே?" காப்பாற்றுகிறது. எத்தனை பேரை என்பதில்தான் சண்டை. 1995ல் வெளியான ஒரு தொலைபேசி ஆய்வு ஆண்டுக்கு 25 லட்சம் தடவை என்றது. அரசு நடத்தும் குற்றப் பாதிப்புக் கணக்கெடுப்பு ஒரு லட்சத்துக்குள் சொல்கிறது. எனக்கு இரண்டாவதுதான் நம்பத் தகுந்தது. முதல் ஆய்வு ஐந்தாயிரம் பேரிடம் கேட்டு நாடு முழுமைக்கும் பெருக்கியது, நூற்றில் ஒருவர் மிகைப்படுத்திச் சொன்னாலே விடை பல லட்சம் ஏறிவிடும். எண் எதுவானாலும் சம்பவங்கள் உண்மை. 2022 ஜூலையில் இண்டியானாவில் ஒரு மாலில் மூன்று பேரைச் சுட்டுக் கொன்றவனை, கடைக்கு வந்திருந்த 22 வயது இளைஞர் சில நொடிகளில் தன் கைத்துப்பாக்கியால் வீழ்த்தினார். அதற்கு ஒரு வருடம் முன்பு கொலராடோவின் அர்வாடாவில் ஒரு போலீஸ்காரரைக் கொன்றவனை இன்னொரு பொதுஜனம் அதேபோல் சுட்டு வீழ்த்தினார். பிறகு அந்த இடத்துக்கு வந்த போலீஸ்காரர், கையில் துப்பாக்கியோடு நின்ற அவரைக் கொலையாளி என்று நினைத்துச் சுட்டுவிட்டார். இறந்துபோனார். இரண்டு பேரும் செய்தது ஒரே துணிச்சலான காரியம்.

இங்கேதான் சமூகத்தைப் பற்றிய கேள்வி வருகிறது. ஒருவரின் பாதுகாப்பு அடுத்தவருக்குப் பயமாகிவிடுகிறது. எதிரில் இருப்பவரிடம் துப்பாக்கி இருக்கலாம் என்று எல்லோருக்கும் தெரிந்த ஊரில், யாரும் யாருக்கும் இரண்டாவது நொடி கொடுப்பதில்லை. 2016ல் மினசோட்டாவில் ஃபிலாண்டோ காஸ்டில் என்ற கறுப்பினத்தவரின் காரைப் போலீஸ் நிறுத்தியது. அவரிடம் முறையான பெர்மிட் இருந்தது. வகுப்பில் சொல்லிக்கொடுப்பது போலவே, என்னிடம் ஆயுதம் இருக்கிறது என்று மரியாதையாகச் சொன்னார். சில நொடிகளில் சுடப்பட்டார். பின் இருக்கையில் நான்கு வயதுக் குழந்தை இருந்தது. பயந்துவிட்டேன் என்றார் அந்த அதிகாரி, நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

1992ல் லூசியானாவின் பேட்டன் ரூஜில் ஹாலோவீன் விருந்துக்குப் போன 16 வயது ஜப்பானிய மாணவன் யோஷிஹிரோ ஹட்டோரி, வீடு மாறி வேறொரு வீட்டு மணியை அடித்தான். பயந்துபோன வீட்டுக்காரர் பெரிய ரிவால்வரோடு வந்து "ஃப்ரீஸ்" என்று கத்தினார். அசையாதே என்று அர்த்தம். அந்தப் பையனுக்கு அப்போது ஆங்கிலம் அவ்வளவாக வராது. சிரித்த முகத்தோடு, விருந்துக்கு வந்திருக்கிறோம் என்று சொல்லியபடி முன்னால் போனான். ஒரே குண்டு. கிரிமினல் வழக்கில் வீட்டுக்காரர் விடுதலையானார். மகனை இழந்த பெற்றோர் ஜப்பானில் 17 லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டிக்கொண்டு அதிபர் கிளிண்டனைப் பார்க்க வந்தார்கள். முப்பது வருடம் கழித்து, 2023 ஏப்ரலில், ஆறே நாளில் மூன்று சம்பவங்கள். கன்சாஸ் சிட்டியில் தம்பிகளைக் கூட்டிவரப் போய் தெரு மாறி மணி அடித்த 16 வயதுப் பையனை 84 வயது முதியவர் கதவு வழியாகச் சுட்டார். பையன் எப்படியோ பிழைத்தான். நியூயார்க் மாநிலத்தில் வழி தவறி ஒரு வீட்டுப் பாதைக்குள் திரும்பிய காரில் இருந்த 20 வயதுப் பெண் கொல்லப்பட்டாள். நம் டெக்சாஸின் எல்ஜினில், சூப்பர் மார்க்கெட் பார்க்கிங்கில் தன் கார் என்று நினைத்து வேறொருவர் காரின் கதவைத் திறந்துவிட்ட பெண்ணும் அவள் தோழியும் சுடப்பட்டுக் காயமடைந்தார்கள். அந்த 84 வயது முதியவர், உயிர் போகிற அளவுக்குப் பயந்துவிட்டேன் என்று போலீசிடம் சொன்னார். அவர் சொன்னதை நான் நம்புகிறேன். அது பயத்தால் சுட்ட குண்டுதான்.

கிங்கின் கதையில் மிச்சம் இது. பெர்மிட் கிடைக்காத பிறகும் அவர் வீட்டில் ஆயுதம் இருந்தது, காவலுக்கு ஆட்களும் இருந்தார்கள். கொஞ்ச நாளில் வேண்டாம் என்று முடிவெடுத்து ஒதுக்கிவிட்டார். வீட்டில் துப்பாக்கி இருந்த நாட்களில்தான் தனக்குப் பயம் அதிகமாக இருந்தது என்று பின்னாளில் சொன்னார். எல்லோரும் அவரைப் போல் இருக்க முடியாது, நானும் அப்படியில்லை. ஆனால் அந்த இரண்டு வாரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்த பிறகு, அவர் சொன்னது எனக்குப் புரிந்தது.

இப்போது உங்கள் விஷயம். நீங்கள் எச்-1பி வேலை விசா, அதன் குடும்பத்தாருக்கான எச்-4 போன்ற தற்காலிக விசாவில் போகிறீர்கள் என்றால், பேச்சே இல்லை. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர, அந்த விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். சும்மா பழகிப் பார்க்கலாமே என்று யாராவது ஷூட்டிங் ரேஞ்சுக்குக் கூப்பிட்டாலும் முதலில் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம். வாங்க வேண்டுமா என்றால், என் பதில் வேண்டாம். உங்களை யாராவது குறிப்பாக மிரட்டுகிறார்கள், பின்தொடர்கிறார்கள் என்றால் அது வேறு பேச்சு, அப்போதும் போலீஸ், வக்கீல், வீடு மாற்றுவது எல்லாவற்றையும் யோசித்த பிறகு வரவேண்டிய முடிவு அது. "எல்லோரிடமும் இருக்கிறதே" என்பதற்காக வாங்காதீர்கள்.

என் பக்கத்து வீட்டுக்காரருக்கு மூன்று வருடம் முன்பு விவாகரத்தானது. அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் தன் துப்பாக்கிகள் எல்லாவற்றையும் பெட்டியில் வைத்து, அடுத்த ஊரில் இருக்கிற தம்பி வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். வேலியோரம் நின்று என்னிடம் சொன்னார், "இப்போது எனக்கு என் மேலேயே நம்பிக்கை இல்லை." ஐந்து மாதம் கழித்துத்தான் திரும்ப வாங்கி வந்தார். இந்த விஷயத்தில் நான் பார்த்த மிகப்பெரிய தைரியம் அதுதான். உங்கள் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ யாருக்காவது அப்படிப்பட்ட காலம் வந்தால், துப்பாக்கியைக் கொஞ்ச நாள் வேறு இடத்தில் வைக்கச் சொல்லத் தயங்காதீர்கள். தற்கொலை எண்ணம், மனநெருக்கடி உள்ளவர்களுக்கான 988 என்ற உதவி எண்ணை எந்த நேரமும் கூப்பிடலாம்.

அப்புறம், உங்கள் பிள்ளை விளையாடப் போகிற வீடுகள். அமெரிக்காவில் 1 முதல் 19 வயது வரை உள்ளவர்கள் இறப்பதற்கு 2020லிருந்து முதல் காரணம் துப்பாக்கிதான், கார் விபத்தையும் தாண்டிவிட்டது. குண்டு நிரப்பிய துப்பாக்கியை அஜாக்கிரதையாக வைத்து அது குழந்தை கையில் கிடைத்துவிட்டால் டெக்சாஸிலும் குற்றம், ஆனாலும் எட்டும்படி வைத்திருப்பவர்கள் ஏராளம். அதனால் அந்த நண்பர் வீட்டுக்குப் பிள்ளையை அனுப்புமுன் நேராகக் கேட்டுவிடுங்கள். ஒவ்வாமை இருக்கிறதா, நாய் கடிக்குமா, நீச்சல் குளத்துக்கு வேலி இருக்கிறதா என்று கேட்போமே, அதே குரலில், "வீட்டில் இருக்கிற துப்பாக்கியெல்லாம் பூட்டித்தானே இருக்கும்?" என்று. முதல் தடவை கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கொஞ்சம்கூட முகம் சுளிக்காமல் என்னை உள்ளே கூட்டிப்போய், படுக்கையறையில் இருக்கும் இரும்புப் பெட்டியைக் காட்டி, விரல் வைத்துத் திறந்து, மூடி, இழுத்தும் காட்டினார். பிறகு என் மகளும் அவர் மகளும் மாடியில் சாயங்காலம் முழுக்க விளையாடினார்கள்.